பூஜ்யப் பணியிடம்

நாட்டில் ஒரு பல்பு ஒழுங்காக எரிகிறது என்றால் அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று மின்தேர்வு வாரியத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாரியத்தின் மாடிப்படியில் மட்டும் பல்பு எரியாது. அதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மின்சாரம் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று தேர்வு வைத்துப் பிரித்துச் சான்றிதழ் கொடுப்பது வாரியத்தின் வேலை. மின்சாரத்தைத் தொடுவது அதன் வேலை இல்லை. அந்தக் கட்டடத்தில் ஒயரைக் கையால் தொட்ட ஒரே ஆள் லிஃப்ட்காரர்தான்.

லிஃப்ட்காரர் தற்காலிகம். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது தற்காலிகமாகச் சேர்ந்தார். இப்போது மகள் தானே பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மனைவி வேறு ஊரில் அறிவியல் டீச்சர், மகளும் அவளோடு அங்கேதான். பஸ்ஸில் போனால் ஒரு முழுப் பகல் ஆகும். அந்த ஊரிலும் வாரியத்துக்கு ஒரு கிளை அலுவலகம் உண்டு, அதில் ஒரு லிஃப்ட்டும் உண்டு, பழுது பார்க்க ஆள் இல்லாமல் அது பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிரந்தரப் பணியாளராக இருந்தால் மாற்றல் கேட்கலாம். தற்காலிகப் பணியாளர் விதிப்படி எங்கும் இல்லாதவர். எங்கும் இல்லாத ஒருவரை இன்னோர் இடத்துக்கு எப்படி மாற்றுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

நிரந்தரமாக வேண்டும் என்றால் வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும். தேர்வில் வருவது ஒரே ஒரு பெரிய கணக்கு. ஒரு மின்சுற்றை வரைந்து கொடுத்து, அதைக் கணு மின்னழுத்த முறையில் தீர்க்கச் சொல்வார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மனைவி போனில் சொல்லிக் கொடுக்க, லிஃப்ட்காரர் மோட்டார் அறைச் சுவரில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். ஒயர்கள் கூடும் இடம் கணு. ஏதாவது ஒரு கணுவைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கணுக்கள் ஒவ்வொன்றிலும், உள்ளே வரும் மின்சாரமும் வெளியே போகும் மின்சாரமும் சமம் என்று எழுதிக் கணக்கை முடித்தால், பூஜ்யத்திலிருந்து எது எத்தனை வோல்ட் மேலே, எது எத்தனை வோல்ட் கீழே என்று வந்துவிடும்.

"எந்தக் கணுவ வேணாலும் பூஜ்யமா வெச்சுக்கலாங்க. நிறைய ஒயர் வந்து சேர்ற இடமா பாத்து வெச்சீங்கன்னா கணக்கு சுலபமா முடியும்" என்றாள் மனைவி.

அவருக்கு அது சட்டென்று பிடிபட்டது. காரணம் லிஃப்ட். எந்த மாடிக்கு என்ன எண் ஒட்டினாலும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் உள்ள உயரம் மாறுவதில்லை. இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுகூட நினைத்தார்.

தேர்வில் நான்கு கணுக்கள் உள்ள சுற்று வந்தது. ஒரு பேட்டரி, சில மின்தடைகள், ஓரத்தில் ஒரு பல்பு. பூஜ்யம் எங்கே என்று காட்டப் படத்தின் அடியில் ஒரு பூமி அடையாளம் போடுவது வழக்கம். நிற்கிற கோடு ஒன்று, அதன் கீழே சிறுத்துக்கொண்டே போகும் மூன்று கோடுகள். வாரியத்தில் அதையும் போட்டுத்தான் அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். அச்சுப்படி பார்த்த மூத்த அலுவலர், அழகான படத்துக்கு அடியில் ஏதோ அழுக்கு தொங்குகிறது என்று அதைத் துடைத்துவிட்டார். அந்த வருடத்தின் மிகச் சுத்தமான வினாத்தாள் என்று அவருக்குப் பாராட்டிதழும் கொடுத்தார்கள்.

ஆகவே ஆளாளுக்கு ஒரு பூஜ்யம் வைத்தார்கள். லிஃப்ட்காரர் நடுவில் இருந்த 'ஆ' என்ற கணுவில் வைத்தார். 'அ' நான்கு வோல்ட் மேலே, 'இ' இரண்டு வோல்ட் கீழே, 'ஈ' எட்டு வோல்ட் கீழே என்று வந்தது. 'இ'க்கும் 'ஈ'க்கும் நடுவில் ஆறு வோல்ட், பல்பில் ஓடுவது ஒரு ஆம்பியர் என்று முடித்து, இரண்டு கோடு போட்டு, பேனாவை மூடினார்.

முடிவு வந்தபோது பெயில்.

வாரியத்தின் விடையில் பூஜ்யம் 'ஈ'யில் இருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு, எட்டு, ஆறு, பூஜ்யம். 'இ'க்கும் 'ஈ'க்கும் நடுவில் அதே ஆறு வோல்ட்தான், பல்பில் அதே ஒரு ஆம்பியர்தான். திருத்தியவர் லிஃப்ட்காரருடைய ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: விடை சரி, ஆனால் தவறான இடத்திலிருந்து வந்திருக்கிறது. கீழே இன்னொரு குறிப்பு: கழித்தல் குறிகளைத் தவிர்க்கவும், படிக்கும்போது மனம் தளர்கிறது.

லிஃப்ட்காரருக்குக் கோபம் வரவில்லை. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பினார். மனைவிக்குப் போன் செய்தார். அவள் ஒரு மாணவனின் விடைத்தாள் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றாள். சரியாக இருந்தால் எப்படிப் பெயிலாவேன் என்று அவர் கேட்டார். அதற்குள் அவளுடைய பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது.

மதிப்பீட்டுப் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். மெதுவாகப் பேசுவார், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். லிஃப்ட்காரர் அவர் மேஜை முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த பாஷையில் மாடிகளையும் உயரத்தையும் வைத்துச் சொல்லிப் பார்த்தார். மேடம் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்கும் தெரியுங்க. நான் படிச்சதே இதுதான், மெடல்கூட வாங்கியிருக்கேன். நீங்க எழுதினது சரி. ஆனா சரியான விடைங்கறது வேற, வாரியத்தோட விடைங்கறது வேற. சரியான விடைய யார் வேணாலும் எழுதிடலாம். அதுக்கு எதுக்குங்க ஒரு வாரியம்?"

சொல்லிவிட்டு, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அவ்வளவு மரியாதையாக ஒருவர் சொல்லும்போது எப்படிச் சண்டை போடுவது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார்.

பெயிலானவர்கள் நிறையப் பேர். வரவேற்பறையில் கூட்டம் சேர்ந்தது. பூமி அடையாளம் விட்டுப்போனது என்று ஒப்புக்கொண்டால் பாராட்டிதழைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். கொடுத்ததைத் திருப்பி வாங்குவது வாரியத்தின் மரபில் இல்லை. எனவே ஆற அமர யோசித்து, குற்றம் தேர்வர்களுடையது என்று கண்டுபிடித்தார்கள். யாரிடமும் கேட்காமல், அவரவர் இஷ்டத்துக்கு, தேர்வு அறையில் உட்கார்ந்தபடியே பூஜ்யத்தை முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைக்குப் பூஜ்யத்தை முடிவு செய்பவன் நாளைக்கு ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருப்பான் என்று சுற்றறிக்கை வந்தது. மறுதேர்வு உண்டு, ஆனால் பூஜ்யத்தை வாரியமே நேரில் வழங்கும் என்றும் அதில் இருந்தது.

மறுதேர்வில் பூஜ்யம் வழங்கும் அலுவலர் ஒருவர் ரப்பர் முத்திரையோடு வந்தார். தேர்வர் கையைத் தூக்க வேண்டும். எந்தக் கணு வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அலுவலர் கணுவை ஒரு முறை, தேர்வரின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முத்திரை குத்துவார். முதல் ஆள் 'ஈ' கேட்டார், கிடைத்தது. இரண்டாவது ஆளும் 'ஈ' கேட்டார்.

"அத இப்பதான அவருக்குக் குடுத்தேன்" என்றார் அலுவலர். "வேற எது வேணும், பாத்து சொல்லுங்க."

சுற்றில் இருந்தவை நான்கு கணுக்கள். நான்காவது ஆளோடு கையிருப்பு தீர்ந்தது. அலுவலர் மைத்தட்டை மூடிவிட்டு, மேலதிகப் பூஜ்யங்களுக்கு அனுமதி கேட்டு மேலே ஆள் அனுப்பினார். அந்த ஆள் லிஃப்டில் போனார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அதைச் சரி செய்யத் தெரிந்தவர் கடைசி வரிசையில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். தேர்வு அறையை விட்டு நடுவில் வெளியேறினால் தகுதி இழப்பு. மணி அடிக்கும்வரை அவர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். முதலில் தோள் வலித்தது, பிறகு வலி போய்விட்டது, கை தன்னுடையதுதானா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சியது.

முடிவில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டிருந்தார்கள். பூஜ்யம் பெறாதவர் வந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று மேடம் வருத்தத்தோடு விளக்கினார்.

மறுதேர்வில் பெயிலானவர்களும் கூட்டம் கூடியதால் விஷயம் தலைவரிடம் போனது. தலைவரின் அறை உச்சி மாடியில் இருந்தது. அலுவலர்கள் எல்லாரையும் லிஃப்ட்காரர்தான் இரண்டு நடையில் மேலே ஏற்றினார். அறைக் கதவில் தானாக மூடிக்கொள்ளும் பழுது ஒன்று இருந்ததால், கூட்டம் முடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். அதனால் உள்ளே பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

எல்லாத் தேர்வுக்கும், எல்லாருக்கும், எல்லாக் காலத்துக்கும் ஒரே பூஜ்யம் இருக்கட்டும் என்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. எல்லா அளவும் அந்த ஓர் இடத்திலிருந்துதான் தொடங்கும், அந்த இடம் அசையக் கூடாது. இதைச் சொன்னதும் அத்தனை பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவரின் முகம் மலர்ந்தது. அப்போது செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்வு ஆவணங்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்துக்கு நேரே பூஜ்யம் என்று எழுதவேண்டி வரும் என்று நினைவூட்டினார். மலர்ந்தது மூடிக்கொண்டது.

பிறகு தலைவர் பேசினார்.

"அசையாம இருக்கறதுல எனக்கு இருக்கற அனுபவம் இந்த வாரியத்துல யாருக்கும் கிடையாது. இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து ஒரு முடிவு எடுத்திருப்பேனா? ஒரு ஃபைல நகர்த்தியிருப்பேனா? என்னைப் பாத்துத்தான் எல்லாரும் அவங்கவங்க உயரத்த தெரிஞ்சுக்கறீங்க. தகுதின்னு பாத்தா எனக்குத்தான் வரணும். ஆனா பூஜ்யம்னு பேப்பர்ல வந்தா அது எனக்கு இல்ல, இந்தப் பதவிக்கே அவமானம். அதனால என்னை மாதிரியே அசையாம இருக்கணும், எழுதினா அவமானப்படாத ஆளாவும் இருக்கணும். அப்படி ஒருத்தர பாருங்க."

அலுவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்ற லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள்.

அவரிடம் சம்மதமா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நிரந்தரமாங்க?"

"பூஜ்யம் தற்காலிகமா இருக்க முடியுமாப்பா?" என்றார் தலைவர். அறையே சிரித்தது. லிஃப்ட்காரரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

மோட்டார் அறைக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். அவள் அழுதுவிட்டாள். மகள் போனைப் பிடுங்கி எப்போது வருவாய் என்று கேட்டாள். சீக்கிரமே என்றார். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. ஆணை கைக்கு வந்தபிறகு வருமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆணை வந்தது. தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி போட்டார்கள். அசையக் கூடாது என்பதற்காக அதன் கால்களைச் சிமெண்ட் வைத்துத் தரையோடு பூசினார்கள். மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த மீட்டரிலிருந்து ஒரு நீளமான கறுப்பு ஒயர் படி வழியாகக் கீழே இறங்கி வந்தது. அதன் நுனியில் ஒரு கிளிப். காலையில் அலுவலர் ஒருவர் வந்து, லிஃப்ட்காரரின் கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையில் அதை மாட்டிவிட்டுப் போவார். அலுவல் முடிந்ததும் வந்து கழற்றுவார். நடுவில் எங்கும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைதான் தேர்வுகள் நடக்கும் என்பதால் ஞாயிறும் உண்டு. இந்த ஏற்பாட்டால் மின்சாரத்துக்கு என்ன பயன் என்று ஒரு புது எழுத்தர் கேட்டாராம். மின்சாரத்துக்கும் வாரியத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்களாம்.

ஒன்று சொல்ல வேண்டும், தேர்வர்கள் இப்போது தேறினார்கள். விடைத்தாளின் முதல் வரியில் 'பூஜ்யம்: தரைத்தளம், லிஃப்ட் பக்கம்' என்று எழுதிவிட்டால் பிறகு என்ன எழுதினாலும் மதிப்பெண் கிடைத்தது. லிஃப்ட்தான் ஒருநாள் அடியோடு நின்றுபோனது. சரி செய்ய வேண்டியவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அலுவலர்கள் மூச்சு வாங்கப் படியேறினார்கள். தலைவர் இறங்குவதில்லை என்று முடிவு செய்து உச்சி மாடியிலேயே தங்கிவிட்டார். அதனால் வாரியத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

லிஃப்ட்காரர் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். மேடமே படியிறங்கி வந்து, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க போகலாம், போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா நீங்க அந்த ஊருக்குப் போனா பூஜ்யமும் உங்ககூட வந்துடும். இங்கேர்ந்து அளந்து பாஸ் போட்ட அத்தனை பேரும் பெயிலாயிடுவாங்க. எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு, எத்தனை பேர் கல்யாணம் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு மனசு வருமா சொல்லுங்க."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். மனசு வராதுதான். அப்படியே சொன்னார். மேடத்தின் கண் கலங்கியது. உங்களைப் போல நான்கு பேர் இருந்தால் வாரியம் எங்கேயோ போயிருக்கும் என்று சொல்லி, விண்ணப்பத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். "நான் சொல்லிக் குடுத்ததுல நாற்காலிய சிமெண்ட் வெச்சு பூசுங்கன்னு எங்கேயும் வரலையேங்க" என்றாள் அவள். அவர் உம் கொட்டினார். அவளுக்கு அழுகை வந்தது அவருக்குத் தெரிந்தது. தனக்கு வராதது ஏன் என்றுதான் புரியவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் மனைவியும் மகளும் கிளம்பி வந்தார்கள். பார்வையாளர் நேரத்தில், பூஜ்யத்தைப் பார்க்க வந்த தேர்வர்களோடு வரிசையில் நின்றுதான் அவரைப் பார்க்க முடிந்தது. மகள் நன்றாக வளர்ந்திருந்தாள். அவர் உட்கார்ந்திருந்ததால் இரண்டு பேர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தது. தெருவில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது, வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மனைவி கிளிப்பைப் பார்த்தாள். துணி காயப்போடும் கிளிப் அளவுக்குக்கூட இல்லை.

"கழட்டி வெச்சுட்டு வாங்க. அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"கழட்டலாமான்னு மேடத்த ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்" என்று லிஃப்ட்காரர் எழுந்து படியேறினார். பாதிப் படியில் ஒயர் எதிலோ மாட்டி விறைத்துக்கொண்டது. அதற்கு மேல் போக வழியில்லை. அங்கிருந்தே மேடம், மேடம் என்று இரண்டு தடவை மெல்லக் கூப்பிட்டார். மேலே யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒயர் எட்டவில்லை என்றார்.

மகள் சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு விரலால் கிளிப்பை அழுத்தினாள். அது கையோடு வந்துவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. மணி அடிக்கவில்லை, மேலே யாரும் கத்தவில்லை, சுவரோரத்து விசிறி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் வெறும் கடிகாரப் பட்டையைப் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதை வேறு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாசலுக்குப் பத்தடிதான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நல்ல வெயில்.

"வாப்பா" என்றாள் மகள்.

அவர் அவள் விரல்களைப் பிரித்து, கிளிப்பை வாங்கி, தானே தன் கடிகாரப் பட்டையில் மாட்டிக்கொண்டார். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.

"நிறைய பேரு பெயிலாயிடுவாங்கடா கண்ணு" என்றார்.